'சூப்பர்' என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள்

சொந்தமாகப் பாட்டு எழுதிக்கொண்டு வந்து பாடிக் காட்டுகிறவரிடம் நாம் சொல்லும் வார்த்தைகளிலேயே உபயோகமற்றது 'சூப்பர்' என்பதுதான். 'நல்லா இல்லை' என்றால்கூட, 'ஏன் சார், எந்த இடம்?' என்று அவர் திருப்பிக் கேட்பார். அதிலிருந்து நாலு வார்த்தை பேச்சு வளரும். 'சூப்பர்' என்றால் மேற்கொண்டு கேட்க எதுவுமில்லை. அவர் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவார். பாட்டு எழுதினபடியே கிடக்கும்.

நம் பக்கத்தில் பாட்டு எழுதுகிறவர்களுக்குக் குறைவே இல்லை. ஆடிக் கிருத்திகைக்கு முருகன் பாட்டு எழுதுகிறவர், கிறிஸ்துமஸுக்குப் பாடகர் குழுவுக்காகப் புதுப் பாட்டு கட்டுகிறவர், பேத்தி கல்யாணத்துக்கு வாழ்த்துப் பாட்டு எழுதி அச்சடித்து விநியோகிக்கிறவர், கட்சிக் கூட்டத்துக்கு எழுதுகிறவர், ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்தபடியே மனசுக்குள் மெட்டுப் போடுகிற பெண் என்று வேலூரிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். இவர்களில் யாரும் சினிமாவுக்குப் போகப் போவதில்லை. காசுக்காகவும் எழுதவில்லை. எழுதாமல் இருக்க முடியவில்லை, எழுதுகிறார்கள். முன்பு நோட்டுப் புத்தகத்தில் இருந்தது இப்போது செல்போனில் பதிவாகி வாட்ஸ்அப்பில் வருகிறது. கட்டைவிரலும் கைகூப்பும் ஐம்பது வந்து விழுகின்றன. ஒருவராவது 'இரண்டாவது சரணத்தில் எனக்கு ஒன்று புரியவில்லையே' என்று எழுதுவதில்லை.

இதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உன் பாட்டை நான் சரியாகக் கேட்கவில்லை என்பதைத்தான் நாகரிகமாகச் சொல்கிறோம்.

நான் முப்பத்தைந்து வருஷம் டேனரிக் கணக்கு எழுதியவன். செலக்‌ஷன் பார்க்கிறவர் ஒரு தோலை எப்படிப் பார்ப்பார் என்பது நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெளிச்சத்தில் விரித்துப் பிடிப்பார். முன்பக்கம் பார்ப்பார், திருப்பிச் சதைப்பக்கம் பார்ப்பார். உண்ணி கடித்த தழும்பு, உரிக்கும்போது கத்தி பட்ட வெட்டு, உப்பு சரியாகப் போடாமல் கெட்டுப்போன இடம் எல்லாம் அவர் கண்ணில் படும். அவரை யாரும் தோலுக்கு விரோதி என்று சொன்னதில்லை. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்த குறைக்கு நஷ்டம் கொஞ்சம். ஷூவாகி, பெட்டியில் ஏறி, வெளிநாட்டுக்காரன் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினால் நஷ்டம் பல மடங்கு. மாட்டுத் தோலுக்கும் ஆட்டுத் தோலுக்கும் காட்டுகிற அக்கறையை, மனுஷன் ராத்திரி தூக்கம் கெட்டு எழுதின பாட்டுக்குக் காட்ட மாட்டோமா?

இதற்கு வழி தேடி வேறெங்கும் போக வேண்டாம். நம் ஊரிலேயே நல்ல ஏற்பாடு ஒன்று இருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் முஷாயிரா என்றால் தெரியாதவர்கள் கிடையாது. உருதுக் கவிஞர்கள் ராத்திரி கூடி ஆளுக்கொரு கஜல் சொல்லுகிற சபை. சிலர் வாசிப்பார்கள். சிலர் 'தரன்னும்' என்று ராகம் போட்டுப் பாடுவார்கள். பாடிக் கேட்டால் அது பாட்டுதான், சந்தேகமே வேண்டாம். சொல்லுகிறவர்களில் பலருக்குக் கவிதை தொழிலல்ல. பகலில் தோல் மண்டியிலோ கடையிலோ பள்ளிக்கூடத்திலோ இருப்பவர்கள்.

அதில் 'தரஹி முஷாயிரா' என்று ஒரு வகை. முன்கூட்டியே ஒரே ஒரு வரியைக் கொடுத்துவிடுவார்கள். அதற்கு 'மிஸ்ரா' என்று பெயர். எல்லோரும் அந்த வரியின் சந்தத்திலேயே எழுத வேண்டும். கடைசியில் திரும்பத் திரும்ப வருகிற சொல் 'ரதீஃப்'. அதற்கு முன்னால் எதுகை போல ஒத்து வருகிற சொல் 'காஃபியா'. இரண்டையும் மாற்றக்கூடாது. கொடுத்த வரியோடு தன் சொந்த வரி ஒன்றைச் சேர்த்து ஓர் ஈரடி செய்ய வேண்டும். இதற்கு 'கிரஹ்' போடுவது என்று பெயர். கிரஹ் என்றால் முடிச்சு. யார் முடிச்சு இறுகியிருக்கிறது, யார் முடிச்சு இழுத்தால் அவிழ்கிறது என்பது சபைக்கு உடனே தெரிந்துவிடும். பிடித்திருந்தால் 'வாஹ் வாஹ்', 'முகர்ரர்' என்று குரல் வரும். முகர்ரர் என்றால் இன்னொரு தரம் சொல்லுங்கள் என்று அர்த்தம். பிடிக்காவிட்டால் யாரும் திட்டுவதில்லை. சபை சும்மா இருக்கும். அந்த மௌனம் போதும்.

ஒரே வரியை எல்லோருக்கும் கொடுப்பதில் உள்ள நன்மை பெரியது. முதலாளி எழுதினாலும் அவர் கடையில் கணக்கு எழுதுகிறவர் எழுதினாலும் ஒரே வரி, ஒரே கட்டு. 'என் விஷயம் வேறு, உன் விஷயம் வேறு' என்று தப்பிக்க முடியாது. அளவுகோல் ஒன்றாக இருப்பதால் குறை சொல்வது ஆளைச் சொல்வதாக ஆவதில்லை.

ஆனால் முஷாயிரா மேடை என்பது பாதிதான். மீதிப் பாதி வெளியே தெரியாது. அதற்கு 'இஸ்லாஹ்' என்று பெயர், திருத்தம் என்று அர்த்தம். எழுதினதைச் சபைக்குக் கொண்டு போகும் முன் சீடர் தன் உஸ்தாதிடம் காட்டுவார். உஸ்தாத் ஒரு சொல்லை அடிப்பார், ஒன்றை மாற்றுவார், சில சமயம் ஒரு வரியையே தூக்கிவிடுவார். இது இரண்டு பேருக்கு நடுவில் நடப்பது. மூன்றாவது ஆள் கிடையாது.

மிர்ஸா காலிப் (1797-1869) இதைத் தபாலிலேயே செய்தார். ஊர் ஊராக இருந்த சீடர்கள் கவிதைகளை அனுப்புவார்கள், அவர் திருத்தித் திருப்பி அனுப்புவார். முன்ஷி ஹர்கோபால் தஃப்தா என்ற ஹிந்து சீடருக்கு மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட கடிதங்கள் எழுதியிருக்கிறார். செல்லமாக 'மிர்ஸா தஃப்தா' என்று பட்டமும் கொடுத்தார். அவ்வளவு பிரியம் வைத்தவர்தான் அவர் வரிகளில் குறையும் கண்டார். பிரியமும் திருத்தமும் எதிரெதிர் விஷயங்களல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

ஆக, ஏற்பாடு இதுதான்: திருத்தம் தனியாக, பாராட்டு சபையில். முதலாவது இல்லாமல் இரண்டாவதை மட்டும் வைத்துக்கொண்டிருப்பதுதான் இன்றைக்கு நம் கோளாறு. இஸ்லாஹ் போய்விட்டது, வாஹ் வாஹ் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

'அது உருதுக்காரர்கள் பழக்கம், நமக்கென்ன?' என்று யாராவது கேட்கலாம். கவிக்கோ அப்துல் ரகுமானை நினைத்துப் பாருங்கள். 1937-இல் மதுரையில் பிறந்தவர். தந்தையும் பாட்டனாரும் உருதுக் கவிஞர்கள். வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்து 1991-இல் விருப்ப ஓய்வு பெற்றார். நம் வாசகர்களில் பலர் அவரிடம் படித்தவர்களாகவே இருப்பீர்கள். தமிழில் கஜல் எழுதி 'மின்மினிகளால் ஒரு கடிதம்' என்று தொகுப்பே போட்டார். தமிழ்க் கவியரங்க மேடையில் அவர் பேர் தெரியாதவர் உண்டா? 1999-இல் 'ஆலாபனை'க்குச் சாகித்திய அகாதெமி விருது. இந்த மண்ணில் உருதும் தமிழும் பக்கத்துப் பக்கத்து வீடு. ஒரு வீட்டுப் பழக்கம் இன்னொரு வீட்டுக்குப் போவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

நம் தமிழிலும் இது இல்லாமலில்லை. தொல்காப்பியமே பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னால் அரங்கேறியது என்று அதன் பாயிரம் சொல்கிறது. ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொல்வது நம் பழைய வழக்கம். தரஹிக்கு அண்ணன் தம்பி என்று சொல்லலாம். எட்டயபுரத்தில் சிறுவன் பாரதியை மட்டம் தட்டுவதற்காகவே காந்திமதிநாத பிள்ளை ஒரு குறும்பான ஈற்றடி கொடுத்ததும், பாரதி அதே அடியை வைத்து அவரையே மடக்கியதும் பள்ளிக்கூடத்தில் கேட்ட கதைதான்.

எனக்கு இவற்றிலெல்லாம் மிகவும் பிடித்தது உ.வே.சா. எழுதி வைத்திருக்கும் ஒரு விஷயம். கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை எழுதி, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சிறப்புப் பாயிரம் கேட்டுப் போனார். பிள்ளையவர்களுக்கு அதில் இலக்கணப் பிழைகள் உறுத்தின. கொடுக்காமல் நாள் கடத்தினார். பாரதியார் சளைக்காமல் வந்து போய்க்கொண்டிருந்தார. ஒரு நாள் பிள்ளையவர்கள் உள்ளே ஓய்வாகப் படுத்திருக்க, திண்ணையில் காத்திருந்த பாரதியார் தன் கீர்த்தனையைத் தனக்குத்தானே பாட ஆரம்பித்தார். கேட்டுக்கொண்டிருந்த பிள்ளையவர்கள் உருகிப் போனார். பாயிரமும் கிடைத்தது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாகப் புலவர் தோற்றார், பாட்டு ஜெயித்தது என்று முடிப்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. காகிதத்தில் பார்த்த பிழையும் உண்மை, காதில் கேட்ட உருக்கமும் உண்மை. பாட்டுக்கு இரண்டு பரீட்சையும் வேண்டும். முதலில் காது, பிறகு கண். அந்த வரிசை முக்கியம்.

எல்லோர் முன்னாலும் குறை சொல்லிப் பார்த்தவர்களும் உண்டு. லண்டனில் 1964 வாக்கில் ஈவன் மெக்கால், பெக்கி சீகர் என்ற நாட்டுப்புறப் பாடகர் தம்பதி இளம் பாடகர்களைச் சேர்த்து ஒரு குழு நடத்தினார்கள். 'விமரிசகர் குழு' என்றே அதற்குப் பெயர். ஒருவர் பாடுவார், மற்றவர்கள் அலசுவார்கள். நல்ல வேலைகள் நடந்தன. ஆனால் எழுபதுகளின் தொடக்கத்தில் மனக்கசப்போடு பிரிந்துபோனார்கள். ஒருவர் கைக்கு அதிகாரம் போய், திருத்தமே வாழ்க்கையாகிவிட்டால் இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது. நம் முஷாயிராக்காரர்கள் திருத்தத்துக்கு ஓர் இடம், பாராட்டுக்கு ஓர் இடம் என்று பிரித்து வைத்ததில் அனுபவம் தெரிகிறது.

சில வருஷமாக நாங்கள் ஆம்பூரில் ஏழெட்டுப் பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் கூடுகிறோம். பேர் வைக்கவில்லை, பேனர் கிடையாது. உருதில் கஜல் எழுதுகிற பாய் ஒருவர்தான் தரஹி வழக்கத்தைத் தமிழுக்குச் செய்து பார்க்கலாமே என்று ஆரம்பித்து வைத்தார். ஒரு வரி கொடுப்போம். ஒரு மாதம் அவகாசம். முதலில் பாட வேண்டும், இரண்டு தரம். அதற்கு அப்புறம்தான் காகிதம் கைக்கு வரும். எல்லோரும் சொல்லி முடிக்கும்வரை எழுதினவர் வாயைத் திறக்கக்கூடாது. இடறுகிற இடத்தைக் காட்டலாம்; மாற்றுச் சொல் கொடுக்கக்கூடாது, அவரே கேட்டால் ஒழிய. உஸ்தாதுக்கு அடித்து எழுத உரிமை உண்டு, நமக்குள் யாரும் உஸ்தாத் இல்லை. மாடியில் பேசினது படியிறங்கக்கூடாது. அவர் வெளியே மேடையில் பாடினால் நாங்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டுவோம்.

2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தது யாருக்கும் மறந்திருக்காது. வறண்ட மணலையே பார்த்துப் பழகின கண்ணுக்கு அது திருவிழா, பயிர் போனவர்களுக்கு இழவு. 'பாலாத்துல தண்ணி வந்த அன்னிக்கு' என்பதையே ஒருமுறை வரியாகக் கொடுத்தோம். எட்டுப் பாட்டு வந்தது, எட்டும் எட்டு விதம். ஷூ கம்பெனியில் வேலை செய்யும் ஒரு பெண் கொண்டு வந்தது நல்ல மெட்டு. ஏலகிரி மலையில் மேகம் இறங்குவதை ஓரிடத்தில் சொல்லியிருந்தாள். ஆனால் 'மலை' என்ற சொல்லின் முதல் எழுத்து மெட்டில் நீட்டுகிற இடத்தில் விழுந்திருந்தது. பாடும்போது அது 'மாலை' என்றே கேட்டது. சாயங்காலத்தைச் சொல்கிறாளா, பூமாலையைச் சொல்கிறாளா என்று ஆளுக்கொன்றாக அர்த்தம் செய்துகொண்டிருந்தோம். காகிதம் கைக்கு வந்த பிறகுதான் மலை என்று தெரிந்தது.

தமிழ்ப் பாட்டுக்கு இது தனிக் கஷ்டம். குறிலை நீட்டினால் வேறு சொல்லே ஆகிவிடும். படம் பாடமாகும், கலம் காலமாகும், தனம் தானமாகும். எழுதினவருக்கு இது தெரியவே தெரியாது. ஏனென்றால் அவர் மனசில் சரியான சொல் முன்னமே இருக்கிறது. இன்னொருவர் காது வேண்டும். ஐம்பது 'சூப்பர்' வந்திருந்தாலும் அந்தப் பெண் ஆயுசுக்கும் 'மாலை' என்றே பாடிக்கொண்டிருந்திருப்பாள். அன்றைக்கு, 'அட, ஆமாங்க சார், நீட்டுற எடத்துல நெடில் வெக்கணும், அவ்ளோதானே?' என்று சிரித்துவிட்டுப் போனாள். அடுத்த மாதம் இரண்டு பாட்டு கொண்டு வந்தாள்.

இப்போது கஷ்டமான கேள்விக்கு வருகிறேன். துக்கத்தில் எழுதின பாட்டுக்குக் குறை சொல்லலாமா?

எங்களில் ஒருவர், எழுபது தாண்டியவர், மனைவி காலமான சில மாதங்களில் ஒரு பாட்டு எழுதி வந்தார். நிலவே, மலரே, ஒளியே என்று அழைத்து எழுதியிருந்தார். பாடும்போதே இரண்டு இடத்தில் தொண்டை அடைத்தது. முடித்த பிறகு மாடியில் யாரும் பேசவில்லை. 'ரொம்ப நல்லா இருக்கு' என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கலாம். பத்தில் ஒன்பது பேர் அதைத்தான் செய்வார்கள். பாய்தான் மெதுவாகக் கேட்டார்: 'தப்பா நெனச்சிக்காதீங்க சார். வீட்ல அவங்கள நிலவேன்னா கூப்பிடுவீங்க?'

எங்கள் விதியை அவரே மீறி வாயைத் திறந்தார். 'இல்ல பாய். பேர் சொல்லிக்கூடக் கூப்ட்டதில்ல. இந்தாம்மான்னுதான் கூப்பிடுவேன். நாப்பத்தாறு வருஷமா இந்தாம்மாதான்.'

அடுத்த மாதம் பாட்டு திரும்பி வந்தது. நிலவும் மலரும் போய்விட்டன. 'இந்தாம்மா' என்று ஆரம்பித்தது. அதற்கு மேல் அந்தப் பாட்டைப் பற்றி எழுத மாட்டேன், அது அவருடையது. ஆனால் அன்றைக்கு அவர் பாடி முடித்ததும் பாய் 'முகர்ரர்' என்றார். அவரும் இன்னொரு தரம் பாடினார்.

ஆகவே என் பதில்: சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். அவர் ஆறுதல் தேடி வந்திருந்தால் வெறுங்கையோடு வந்து உட்கார்ந்திருப்பார். நாமும் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்திருப்போம். பாட்டோடு வந்தார். அப்படி என்றால் துக்கத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்ற ஆசையோடு வந்திருக்கிறார். அதற்கு உதவாமல் முதுகைத் தட்டி அனுப்புவது அவரையும் ஏமாற்றுவது, போனவரையும் ஏமாற்றுவது.

'பொழுதுபோக்குக்கு எழுதுறவங்களுக்கு எதுக்கு இத்தனை கெடுபிடி?' என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். சினிமாவுக்கு எழுதுகிறவருக்கு இசையமைப்பாளர் இருக்கிறார், டைரக்டர் இருக்கிறார். பிடிக்காவிட்டால் வேறு பல்லவி கேட்பார்கள். அவருக்குக் கூலியும் உண்டு, திருத்துகிற ஆளும் உண்டு. நம் தெருப் பாட்டுக்காரருக்கு இரண்டும் இல்லை. நாம்தான் இருக்கிறோம்.

இன்னொரு புதுச் சங்கதி. நாலு வார்த்தை கொடுத்தால் செல்போனே பாட்டெழுதி, மெட்டுப் போட்டு, பாடியும் கொடுத்துவிடுகிறது. அப்படி ஒன்றை ஒருவர் கொண்டு வந்து போட்டுக் காட்டினார். குரல் பிரமாதம். 'இந்த இடத்துல ஏன் இந்தச் சொல்?' என்று கேட்டோம். அவருக்குப் பதில் தெரியவில்லை. 'திருவிளையாடல்' படத்தில் நக்கீரர் கேள்வி கேட்டதும் தருமி விழித்தாரே, அதே கதை. தருமி விழித்ததற்குக் காரணம் பாட்டில் குற்றம் இருந்தது அல்ல; பாட்டு அவருடையதில்லை. இரவல் பாட்டைத் திருத்த முடியாது. திருத்தம் கேட்டுக்கொள்ள முடிகிற பாட்டுதான் சொந்தப் பாட்டு.

திருத்தத் தெரிந்த பெரியவர்கள் நம் ஊர்களில் வருஷத்துக்கு வருஷம் குறைந்து வருகிறார்கள். யாப்பு தெரிந்த தமிழ் வாத்தியார்கள், சந்தம் தப்பினால் புருவம் உயர்த்துகிற உஸ்தாதுகள், சுருதி விலகினால் ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிற சர்ச் மாஸ்டர்கள். இவர்களில் உயிரோடு இருக்கிறவர்கள் பலர் ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு, யாரும் எதுவும் கேட்க வருவதில்லை என்று இருக்கிறார்கள். இந்தப் பக்கம் இளைஞர்கள், யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். இரண்டு பேரும் பெரும்பாலும் ஒரே தெருவில்தான் இருக்கிறார்கள்.

இதைப் படிக்கிறவர்களில் பாட்டு தெரிந்த பெரியவர்கள் இருந்தால், அடுத்த தடவை பேரப்பிள்ளையோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ பாட்டைப் பாடிக் காட்டும்போது, 'இன்னொரு தரம் பாடு' என்று சொல்லுங்கள். பாடி முடித்ததும் உங்களுக்கு எது புரிந்தது என்று முதலில் சொல்லுங்கள். அப்புறம் எந்த இடத்தில் காது இடறிற்று என்று சொல்லுங்கள், ஒரே ஓர் இடம் போதும். அறையில் வேறு யாரும் இல்லாதபோது சொல்லுங்கள். அந்தப் பிள்ளை மேடை ஏறுகிற அன்றைக்கு முன்வரிசையில் போய் உட்காருங்கள்.